'டிக்கியில இருக்கட்டும்' என்று சொல்லும் முன்...

"டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு டாண்ணு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே பிடிக்க மாட்டேங்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது..."

என் எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நாடி பார்த்தேன். நாக்கு, கண் பார்த்தேன். ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்த அழுத்தம் எல்லாம் ஏற்கெனவே வேறு இடத்தில் பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் கணவர். ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தாரே தவிர, ஒரு தடவைகூட மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து சார்..."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் பேங்க் லாக்கரில் இருந்து நகைகளை எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பியூட்டி பார்லர். பார்லரில் இருந்து நேராக ரிசப்ஷன். போட்டுக்கொண்டது போக, மறுநாள் முகூர்த்தத்துக்கு என்று பன்னிரண்டு பவுன் ஒரு சின்ன ஜிப் பையில் இருந்தது. மண்டப வாசலில் வாலே பார்க்கிங். கணவர் இறங்கி, எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து, புடவைப் பைக்கு அடியில் அந்த ஜிப் பையைச் சொருகிவிட்டு, சாவியை அங்கே நின்ற பையனிடம் கொடுத்தார்.

"டிக்கியில இருக்கட்டும். பூட்டித்தானே இருக்கு!"

ராத்திரி பதினொரு மணிக்குக் கார் வந்தது. நல்ல மழை. ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு டிக்கியைத் திறந்தால் புடவைப் பை இருக்கிறது, ஜிப் பையைக் காணோம்.

எடுத்தது யார்? கார் ஓட்டிய பையனா? பார்லர் வாசலில் வைத்தே போய்விட்டதா? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ராத்திரி யாராவது கை வைத்தார்களா? இன்று வரை தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப கண்ணால பார்த்தீங்க?" கணவர் ஒரு பதில் சொன்னார், மனைவி வேறு பதில் சொன்னார். 'எங்க மண்டபத்து ஆளையே சந்தேகப்படறீங்களா?' என்று நாத்தனார் வீட்டில் வருத்தம். நகை போனது ஒரே ராத்திரியில். பேச்சுவார்த்தை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது.

'உடல்நலப் பத்திரிகையில் கார் டிக்கிக்கு என்ன வேலை?' என்று கேட்பீர்கள். என்னிடம் வரும் தூக்கமின்மை, படபடப்பு, வயிற்று எரிச்சல் ஆகியவற்றில் பல, உடம்பில் ஆரம்பிப்பதே இல்லை. இப்படி ஒரு ஐந்து நிமிஷ அலட்சியத்தில்தான் ஆரம்பிக்கின்றன. வருமுன் காப்பதுதானே வைத்தியம்!

சாவி போனால் பூட்டும் போச்சு

ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களில் மட்டும் இருந்த வழக்கம் இது. இப்போது கல்யாண மண்டபம், துணிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு மேஜை, சாவிகள் மாட்டிய ஒரு பலகை, சீருடையில் நாலு பையன்கள். இடம் தேடி அலைய வேண்டாம். வயதானவர்களை வாசலிலேயே இறக்கி விடலாம். நல்ல வசதிதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை நாம் யோசிப்பதில்லை. பூட்டு காப்பது, சாவி இல்லாதவனிடம் இருந்துதான். சாவியையே கையில் கொடுத்த பிறகு அங்கே பூட்டு எங்கே இருக்கிறது?

டிக்கி எத்தனை வழியில் திறக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரிமோட்டில் ஒரு பட்டன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் அல்லது பட்டன். சில கார்களில் பின் சீட்டின் முதுகை மடக்கினால் உள்ளே இருந்தே டிக்கிக்குள் கை போகும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கி இல்லாத சின்னக் கார்களிலும், பெரிய ஜீப் மாதிரி வண்டிகளிலும் சாமானை மறைப்பது ஒரு தட்டு அல்லது சுருள் திரைதான். அது கண்ணுக்கு மறைவு, காவல் இல்லை.

வெளிநாட்டில் ஹோண்டா, டொயோட்டா போன்ற கம்பெனிகள் முன்பு பல மாடல்களுக்குத் தனியாக ஒரு 'வாலே சாவி' கொடுத்தன. அந்தச் சாவியால் கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்டலாம். டிக்கியையும் டேஷ்போர்டு பெட்டியையும் திறக்க முடியாது. அருமையான ஏற்பாடு. நம் ஊர்க் கார்களில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காராக இருந்தால், அந்த ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதற்குள்ளேயே ஒரு குட்டி உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதைத் தனியே உருவி எடுக்கலாம். சில மாடல்களில் அந்தச் சாவியால் டேஷ்போர்டு பெட்டியைப் பூட்டலாம். இன்னும் சிலவற்றில் டிக்கி திறக்கும் வசதியையே நிறுத்தி வைக்கலாம். அப்படி இருந்தால் பூட்டிவிட்டு, உலோகச் சாவியை உங்கள் பர்ஸில் வைத்துக்கொண்டு ரிமோட்டை மட்டும் கொடுக்கலாம். உங்கள் காரில் இந்த வசதி உண்டா என்பதைக் காருடன் வந்த புத்தகத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் அது வண்டியிலேயே கிடக்கும்!

புதுக் கார்கள் சிலவற்றின் திரையில் 'வாலே மோட்' என்று ஒன்று வருகிறது. அதை வைத்தே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பல கார்களில் அது உங்கள் வீட்டு முகவரி, போன் நம்பர்கள் போன்றவற்றைத் திரையில் காட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான். டிக்கியைப் பூட்டுகிறதா என்பது காருக்குக் கார் மாறும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனையோ மகளையோ டிரைவராக நடிக்கச் சொல்லுங்கள். வாசலில் கொடுப்பது போலவே சாவியைக் கொடுத்து, 'டிக்கியைத் திற பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். எத்தனை நொடியில் திறக்கிறது என்று பார்த்தால், உங்கள் டிக்கியின் லட்சணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாசலில் திறக்காதீர்கள்

அந்தக் கணவர் செய்த பெரிய தவறு, பையை டிக்கியில் வைத்தது மட்டும் இல்லை. வாசலில், பத்துப் பேர் நிற்கும் இடத்தில், டிக்கியைத் திறந்து வைத்தார் பாருங்கள், அதுதான். 'இதில் விலை உயர்ந்த பொருள் இருக்கிறது' என்று மைக் வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

லேப்டாப், கேமரா மாதிரி கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாத பொருளை டிக்கியில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். பளபளப்பான பை வேண்டாம்; பழைய துணிப்பை போதும். போய்ச் சேர்ந்த பிறகு டிக்கியின் பக்கமே திரும்பாதீர்கள்.

நகை, ரொக்கம், பத்திரம், பாஸ்போர்ட் இவை டிக்கிக்கே உரியவை அல்ல. கையோடு வர வேண்டும், இல்லையென்றால் லாக்கரிலேயே இருக்க வேண்டும். மறுநாள் முகூர்த்த நகையை மறுநாள் காலையில் வீட்டில் இருந்து போட்டுக்கொண்டு போகலாமே! 'ஒரே அலைச்சலா முடிச்சுடலாம்' என்ற எண்ணம்தான் பல வீடுகளில் வினையாக முடிகிறது.

இன்னொரு விஷயம். கார் சாவியோடு வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. யோசித்துப் பாருங்கள். வீட்டுச் சாவி வளையத்தில். வீட்டு முகவரி டேஷ்போர்டில் இருக்கும் ஆர்.சி. புத்தகத்தில். வீட்டில் யாரும் இல்லை என்பதும், சாப்பிட்டு முடித்து வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பதும் வெளிப்படை. வேறு என்ன வேண்டும்? கார் சாவியைத் தனியே கழற்றிக் கொடுங்கள். ஆர்.சி., லைசென்ஸ் இரண்டையும் டிஜிலாக்கர் மூலம் போனிலேயே காட்டலாம் என்று 2018-லேயே மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. அசல் காகிதம் காரில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

மருந்துப் பையும் நகைப் பைதான்!

இனி என் சொந்தக் கதை. ஊருக்கு உபதேசம் சொல்பவன் செய்த தப்பு இது.

என் அக்கா வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாக ஆஸ்துமா. ஒரு ரிசப்ஷனுக்கு அவர்களையும் என் காரில் அழைத்துப் போனேன். "அத்தான், அந்தப் பையை எதுக்குத் தூக்கிட்டு... கொடுங்க, டிக்கியில போட்டுடலாம்" என்று வாங்கி வைத்தவன் நான்தான். சாவியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டோம்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரும்போது மெஷின் வைத்துப் புகை விட்டார்கள். அத்தானுக்கு இழுப்பு வந்துவிட்டது. பையைத் தேடினால், அது டிக்கியில். டிக்கி எங்கே? கார் இரண்டு தெரு தள்ளி ஒரு மைதானத்தில். அதற்கு முன்னால் நாலு வரிசைக் கார்கள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். உறவுக்காரப் பையன் ஒருவன் ஸ்கூட்டரில் போய், மருந்துக் கடையில் இருந்து அதே இன்ஹேலரை வாங்கி வந்தான். இரண்டு முறை இழுத்த பிறகு அத்தானுக்கு மூச்சு திரும்பியது. எங்கள் கார் வாசலுக்கு வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

நான் சித்த வைத்தியன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தவன். திப்பிலியின் குணமும் ஆடாதோடையின் குணமும் எனக்குத் தெரியும். ஆனால் மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிமிஷத்தில் வேண்டியது அவருடைய இன்ஹேலர். அது ஒரு டோக்கனுக்குப் பின்னால் போய்விடக் கூடாது. அன்று நான் கற்ற பாடம் அதுதான்.

ஆகவே, இன்ஹேலர், நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, இன்சுலின், சர்க்கரை குறைந்தால் சாப்பிட வைத்திருக்கும் மிட்டாய், மூக்குக் கண்ணாடி, ஆஸ்பத்திரி ஃபைல் இவையெல்லாம் மனிதரோடு இறங்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்கேன் ரிப்போர்ட்டை டிக்கியில் விட்டுவிட்டு, டாக்டர் அறைக்குப் போய்த் தலையைச் சொறிபவர்கள் எத்தனை பேர்!

மருந்துக்கு இன்னொரு எதிரி வெயில். உங்கள் காரை நிழலில் நிறுத்துவார்களா, வெயிலில் நிறுத்துவார்களா என்பது உங்கள் கையில் இல்லை. மூடிய காரின் உட்புற வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளியில் இருப்பதைவிடச் சுமார் 22 டிகிரி செல்சியஸ் ஏறியதாக 2005-ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. அதில் பெரும் பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. நம் ஊர் மே மாத வெயிலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிக்கியும் குளிர்ச்சியான இடம் இல்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். பயன்பாட்டில் இருப்பதைக்கூடப் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் விடக் கூடாது. இன்ஹேலர் டப்பாவோ அழுத்தத்தில் அடைத்தது. கடும் சூடு அதற்கு ஆகாது.

எங்கள் மருந்துகளும் விதிவிலக்கு அல்ல. சூரணத்துக்கு மூன்று மாதம், இளகத்துக்கும் நெய்க்கும் ஆறு மாதம் என்று சித்த மருத்துவம் ஆயுள் குறித்து வைத்திருக்கிறது. அதுகூட ஒழுங்காகப் பாதுகாத்தால்தான். லேகிய டப்பாவை டிக்கியில் போட்டு ஊர் சுற்றிவிட்டு, 'சார், மருந்து இளகிப் போச்சு, வேலை செய்யலை' என்றால் நான் என்ன செய்ய?

பொருளுக்கே இப்படி என்றால், மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'குழந்தை தூங்குது, எழுப்ப வேண்டாம்' என்று காரிலேயே விட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்கும் துணிச்சல் ஒருபோதும் வேண்டாம்.

சீட்டில் அச்சடித்த அந்த வரி

டோக்கன் சீட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'வாகனத்துக்கும் பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.' அதைப் பார்த்ததும் 'நம்மால் ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறது' என்று நினைத்துவிடுகிறோம்.

1998 ஆகஸ்டில் டெல்லியில் ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை ஒரு பெரிய ஓட்டலின் வாலே ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நள்ளிரவுக்குப் பிறகு வெளியே வந்தால் கார் இல்லை. வேறொருவர் சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியோடு காரை ஒப்படைத்தால் அதைப் பத்திரமாகத் திருப்பித் தரும் பொறுப்பு வாங்கிக்கொண்டவருக்கு உண்டு; தன் பக்கத்தின் கவனக் குறைவை, சீட்டில் அச்சடித்த ஒரு வரியைக் காட்டி ஓட்டல் தட்டிக் கழிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

நமக்குத் தைரியம் தரும் தீர்ப்பு. ஆனால் நன்றாகக் கவனியுங்கள். அது காரைப் பற்றிய வழக்கு. காரைக் கொடுத்ததற்கு டோக்கன் சாட்சி. டிக்கிக்குள் இருந்த பன்னிரண்டு பவுனுக்கு யார் சாட்சி? அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். கார் இன்ஷூரன்ஸும் சாதாரணமாகக் காருக்குத்தான். உள்ளே இருக்கும் பொருளுக்கு அல்ல. பொருள்களுக்கு என்று கூடுதல் பணம் கட்டி எடுக்கும் பாதுகாப்பிலும் ரொக்கத்தையும் நகையையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. உங்கள் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்...

● மேஜையும் சீருடையும் டோக்கனும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடி வந்து கை நீட்டுபவரிடம் எல்லாம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

● 'வண்டியை எங்கே நிறுத்துவீங்க தம்பி?' என்று கேளுங்கள். வளாகத்துக்குள்ளா, தெருவிலா என்று தெரியட்டும். மறுத்தால், நாமே நிறுத்திவிட்டு நடந்து வருவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. உடம்புக்கும் நல்லது.

● காரின் நாலு பக்கமும், கிலோமீட்டர் காட்டும் முள் பலகையும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

● டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். தொலைந்தால், சாப்பாட்டை விட்டுவிட்டு உடனே மேஜையில் சொல்லுங்கள்.

● கார் திரும்பி வந்ததும், வெளிச்சத்தில், அங்கேயே டிக்கியைத் திறந்து பாருங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்! வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் புகார் சொன்னால், இடையில் எத்தனை கை மாறியது என்ற கேள்வி வந்துவிடும்.

● ஏதாவது குறைந்தால் மேலாளரைக் கூப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். கேமரா பதிவை அன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நாள்பட்டால் அழிந்துவிடும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

● நகைகளின் ரசீதும் படமும் வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்வது அந்தப் பையன்களைத் திருடர்கள் என்று நினைத்து அல்ல. வெயிலிலும் மழையிலும் நாள் முழுக்க ஓடுகிறவர்கள் அவர்கள். பெரும்பாலோர் நேர்மையானவர்கள். என் நோயாளி ஒருவர் சீட்டில் விட்ட பிரேஸ்லெட்டை, கார் கிளம்பிய பிறகும் ஓடி வந்து கொடுத்தவனும் ஒரு வாலே பையன்தான். நம் அலட்சியத்தால் ஓர் ஏழைப் பையன்மேல் பழி விழாமல் இருப்பதற்கும் இந்த ஜாக்கிரதை வேண்டும்.

போனது போகட்டும்

அந்த அம்மாவுக்கு ராத்திரி பாலில் அமுக்கரா சூரணம் கொடுத்தேன். மாலையில் அரை மணி நடக்கச் சொன்னேன். காப்பியைக் குறைக்கச் சொன்னேன். கணவரைத் தனியே கூப்பிட்டு, "மருந்து பாதி வேலைதான் செய்யும் சார். மீதி உங்க கையில இருக்கு" என்றேன். ஒன்றும் பேசாமல் போனார்.

அடுத்த முறை வந்தபோது அவரே ஆரம்பித்தார். "பையை டிக்கியில வெச்சது நான்தான் டாக்டர். எட்டு மாசமா இவளைத்தான் திட்டிட்டு இருந்தேன். எங்க அக்காகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன், தப்பு எங்க மேலதான்னு." அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நகை திரும்பக் கிடைக்கவில்லை. தூக்கம் திரும்பியது. நாத்தனார் வீட்டு வாசலும் திறந்தது.

உங்கள் வீட்டில் அடுத்த முகூர்த்தம் எப்போது? கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். நகை எங்கே, மருந்து எங்கே, வீட்டுச் சாவி எங்கே என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு காரில் ஏறுங்கள். டிக்கியில் போவது மறுநாள் கட்ட வேண்டிய புடவையாக மட்டும் இருக்கட்டும். பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாயசம் சாப்பிடலாம்!